கண்ணாடியை என்ன செய்வீர்கள்?

மாடிப்படிக்கு அடியில் இரண்டு டிவிகள் வெகுநாளாகக் கிடந்தன. ஒன்று அப்பா வாங்கிய 21 அங்குலப் பெட்டி, முதுகு புடைத்தது. இன்னொன்று திரையில் கோடு விழுந்த எல்சிடி. பழைய இரும்பு எடுப்பவரைக் கூப்பிட்டிருந்தால் உடனே தூக்கிப் போயிருப்பார், கையில் கொஞ்சம் காசும் வந்திருக்கும். நான் கூப்பிட்ட மறுசுழற்சிக்காரர்கள் காசு தரவில்லை. வருகிறோம் என்ற தேதியையும் இரண்டு முறை தள்ளிப்போட்டார்கள். அப்படியும் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். காரணம், கண்ணாடி.

பிக்சர் டியூப் டிவியைப் பிரித்தால் உடனே காசாவது செம்புதான். டியூபின் கழுத்தைச் சுற்றிய சுருள், திரையின் ஓரமாக ஓடும் இன்னொரு சுருள், அப்புறம் ஒயர்கள். போர்டில் துளித்துளியாகத் தங்கமும் வெள்ளியும்கூட உண்டு. இதையெல்லாம் உருவிக்கொண்டபின் மிஞ்சுவது டியூப். பெட்டியின் எடையில் பெரும்பங்கு அதுதான், யாருக்கும் வேண்டாததும் அதுதான். டியூபுக்குள் 20 ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் ஓடும்போது எக்ஸ் கதிர் உண்டாகும். அது வெளியே வராதிருக்க, டியூபின் பின்பக்கம் புனல்போல இருக்கும் கண்ணாடியில் ஈயம் கலந்திருப்பார்கள், அந்தப் புனலின் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. உடைத்துக் குப்பைமேட்டில் எறிந்தால் அந்த ஈயம் மெல்ல மண்ணில் இறங்கும். முன்பு பழைய கண்ணாடியை உருக்கிப் புது டியூபே செய்தார்கள். இப்போது டியூப் டிவி வாங்க ஆள் இல்லை, அந்த வழியும் அடைபட்டுவிட்டது.

அதனால் ஃபோனில் ஒரே கேள்விதான் கேட்டேன்: "கண்ணாடியை என்ன செய்வீர்கள்?"

"எல்லாமே ரீசைக்கிள் ஆகிடும் சார்" என்றார் முதலில் பேசிய பெண். நான் விடவில்லை. பட்டறையில் வேலை செய்யும் ஒருவரிடம் கொடுத்தார். அவர் பொறுமையாகச் சொன்னார்: முதலில் டியூபுக்குள் காற்றை விடுவார்களாம், உள்ளே வெற்றிடம் என்பதால் அப்படியே அடித்தால் சில்லுகள் பாயும். பிறகு சூடான கம்பியைச் சுற்றி முன்கண்ணாடியையும் புனலையும் தனியே பிரிப்பார்கள். உட்புறம் பூசியிருக்கும் ஒளிர்பொடியை உறிஞ்சி எடுப்பார்கள். புனல் ஈயம் உருக்கும் ஆலைக்குப் போகும்.

எல்சிடியில் ஆபத்து ஏதும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். பழைய எல்சிடிகளில் திரைக்குப் பின்னால் பென்சிலைவிட மெல்லிய விளக்குக் குழாய்கள் இருக்குமாம், அவற்றுக்குள் பாதரசம். எல்இடி வந்தபின்தான் அது போயிற்று. "உங்க பெரிய பெட்டியைவிட இதைப் பிரிக்கத்தான் சார் பயம்" என்றார்.

எடுக்க வந்த இருவரும் வேலை தெரிந்தவர்கள். பெரிய டிவியைத் திரை மார்பில் படும்படி அணைத்துத் தூக்கினார்கள், கனமெல்லாம் திரைப் பக்கம்தானே. நான் இத்தனை வருடம் முதுகைப் பிடித்துத் தூக்கி இடுப்பைக் கெடுத்துக்கொண்டேன். எல்சிடியை மட்டும் போர்வையில் சுற்றினார்கள்.

ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தது ரசீதுக்காக. மூன்று முறை நினைவூட்டியபின் வந்தது. அதிலும் "டிவி - 2" என்று மட்டும். எடை இல்லை, எந்த ஆலைக்குப் போயிற்று என்றும் இல்லை. ஃபோனில் அவ்வளவு தெளிவாகச் சொன்னவர்கள் தாளில் இரண்டு வரி சேர்த்து எழுதினால் என்ன?

ரிமோட்டைக் கொடுக்க மறந்துவிட்டேன். பேட்டரி உள்ளேயே கசிந்து காய்ந்திருக்கிறது. அதற்காக மட்டும் வரமாட்டார்களாம், வீடியோ பிளேயரையும் சேர்த்துக் கொடுக்கலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது.