முதலில் வேலையா, முதலில் படிப்பா?

அரசு உதவித்தொகை பெறும் ஏழைத் தாய்மாரை எவ்வழியில் வேலைக்கு அனுப்புவது என்று அறிய, அமெரிக்காவில் 1990களில் அட்லாண்டா, கிராண்ட் ராபிட்ஸ், ரிவர்சைடு ஆகிய ஊர்களில் ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, இரு வழிகளையும் அருகருகே நடத்திப் பார்த்தார்கள்.

நடைமுறை: வேலை வழியில், குழுவாக அமர்ந்து நிறுவனங்களைத் தொலைபேசியில் அழைத்து வாய்ப்புக் கேட்பது, படிப்பு வழியில், வாசிப்பும் கணக்கும் கற்று, பள்ளியிறுதிக்கு நிகரான சான்றிதழுக்குத் தயாராவது.

செலவு: படிப்பு வழிக்கே அதிகம்.

பலன்: வேலை வழி விரைவில் சம்பளம் தந்தது, படிப்பு வழியோ, நான் எதிர்பார்த்ததற்கு மாறாக, ஐந்தாண்டுகளுக்குப் பின்னும் அதை முந்தவில்லை. இரண்டிலும் சம்பளம் ஏறியபோது உதவித்தொகை குறைந்ததால், குடும்ப வருமானம் பெரிதாக உயரவில்லை.

சிக்கனம் தேடும் நிர்வாகத்துக்கு வேலை வழி பொருந்தும். நிலையான ஊதியம் தேடும் குடும்பத்துக்கோ, குறுகிய பயிற்சியையும் நல்ல வேலைக்குக் காத்திருக்கும் அவகாசத்தையும் சேர்த்துத் தந்த, அதே ஆய்வின் இன்னோர் ஊரான போர்ட்லாந்தின் கலப்பு வழியே மேல்.