வீட்டுக்குள் நிலக்கரி அடுப்பு: ஆறு குளிர்காலத்துக்குப் பிறகு

அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் வடகிழக்கு மூலையில், வில்க்ஸ்-பேரிக்குப் பக்கத்தில், 2018 கோடையில் ஒரு பழைய வீடு வாங்கினோம். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க எண்ணெயில் ஓடும் பாய்லர் ஒன்று இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே, பேஸ்மென்ட்டில் (வீட்டுக்கு அடியிலுள்ள நிலவறை), முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப் போன, அதே வேலைக்கான ஒரு நிலக்கரி அடுப்பும் இருந்தது. மின்சாரம் எதுவும் வேண்டாத, கையால் கரி அள்ளிப் போடுகிற வகை. அதை எடுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் பேசினோம். முதல் மாத எண்ணெய்ச் செலவைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டோம். என் கணவருக்கு இரவு வேலை, அதனால் அடுப்பு முழுக்க என் பொறுப்பு. ஆறு குளிர்காலம் ஓட்டியாகிவிட்டது, இது ஏழாவது. இந்தப் பக்கம் வீடு வாங்கும் நம் ஆட்கள் சிலர் கேட்டார்கள், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. கரி அடுப்புக்குக் குளிர்காலத்தில் செய்யும் வேலை கொஞ்சம்தான், காலையில் பத்து நிமிடம், இரவில் பத்து நிமிடம். ஆகஸ்ட்டிலிருந்து அக்டோபர் பாதி வரைக்கும் என்ன செய்து வைத்தோம், எதைத் தள்ளிப்போட்டோம் என்பதுதான் ஜனவரியில் முன்னால் வந்து நிற்கும். நான் பட்ட சிரமம் ஒவ்வொன்றையும் பின்னால் தேடிப் போனால் ஏதோ ஒரு செப்டம்பரில்தான் போய் முடிகிறது.

கரி என்றதும் நமக்கு நெய்வேலி ஞாபகம் வரும். அது பழுப்பு நிலக்கரி, பாதிக்குப் பாதி ஈரம். இங்கே கிடைப்பது அதற்கு நேர் எதிர்முனை, ஆந்த்ரசைட். கண்ணாடி மாதிரி பளபளக்கும், கையில் எடுத்தால் கல் போல இருக்கும், எரியும்போது புகையே வராது. அமெரிக்காவில் வெட்டப்படும் ஆந்த்ரசைட் ஏறக்குறைய எல்லாமே இந்தப் பக்கத்து ஐந்தாறு கவுன்ட்டிகளிலிருந்துதான் (நம் மாவட்டம் மாதிரி). இது லேசில் பற்றாது என்பதால் வீட்டுக்கு உதவாது என்றுதான் ஒரு காலத்தில் நினைத்தார்களாம். 1808 பிப்ரவரியில் இதே வில்க்ஸ்-பேரியில் ஜெஸ்ஸி ஃபெல் என்பவர், அடியில் காற்று போகிற மாதிரி இரும்புக் கம்பித் தட்டு ஒன்று செய்து அதில் எரித்துக் காட்டினார். என் அடுப்பின் அடித்தட்டைக் குனிந்து பார்க்கும்போதெல்லாம் அவர் ஞாபகம் வருகிறது, ஏனென்றால் 200 வருடம் கழித்தும் விஷயம் அதுவேதான்: காற்று கீழிருந்து வர வேண்டும், கரி முழுக்க ஊடுருவி மேலே போக வேண்டும்.

கரி வாங்கும்போது அளவு பார்த்து வாங்க வேண்டும். அரிசி மாதிரி பொடியாக இருப்பதற்கு ரைஸ் என்றே பெயர், அதற்குக் கொஞ்சம் பெரியது பக்வீட், அப்புறம் பீ, அப்புறம் நட், அதற்கு மேலே ஸ்டோவ். ரைஸும் பக்வீட்டும் மோட்டார் வைத்துத் தானாகக் கரி தள்ளும் ஸ்டோக்கர் அடுப்புக்கு. என்னுடையது போலக் கையால் போடுவதற்கு நட் சரியாக இருக்கும், இலையுதிர் காலத்தில் கொஞ்சம் பீ கலந்தால் நிதானமாக எரியும். முதல் வருடம் விலை குறைவு என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு வேறு இடத்திலிருந்து இறக்கினோம். பாதிக்குப் பாதி தூள், அதோடு எரியாத கல்லும் கலந்திருந்தது. தூள் போய் இடுக்கையெல்லாம் அடைத்து, காற்று ஏறாமல், அந்த டிசம்பரில் நெருப்பு நாலு தடவை அணைந்தது. இப்போதெல்லாம் முதலில் 40 பவுண்டு மூட்டை இரண்டு வாங்கி எரித்துப் பார்க்கிறேன், பிறகுதான் லாரி.

எவ்வளவு வேண்டும் என்பது வீட்டைப் பொறுத்தது. எங்களுடையது மூன்று படுக்கையறை, பழைய ஜன்னல்கள், ஒரு குளிர்காலத்துக்கு மூன்றரை டன்னிலிருந்து நாலு டன் போகிறது (இங்கத்திய டன் 2,000 பவுண்டு, நம் கணக்கில் 907 கிலோ). ஒரு டன்னுக்கு 38 கன அடி இடம் என்று வைத்துக்கொண்டால் தப்பு வராது. எங்கள் கரித்தொட்டி ஆறடிக்கு ஆறடி, நாலரை அடி உயரம், அதில் நாலு டன் அடங்குகிறது. பேஸ்மென்ட் ஜன்னலைக் கழற்றிவிட்டால் லாரிக்காரர் சரிவுத் தகடு வைத்து நேராகத் தொட்டிக்குள் சரித்துவிடுவார், அரை மணி நேர வேலை. தொட்டிப் பலகையை மட்டும் மெல்லிசாக வைக்கக் கூடாது. நாலு டன் கரி பக்கவாட்டில் தள்ளும் தள்ளு சாதாரணமானது இல்லை, எங்கள் பழைய தொட்டி வயிறு மாதிரிப் புடைத்துக்கொண்டு நின்றது. கரி ஈரமாகவே வந்தால் பயப்பட வேண்டாம், தூசி பறக்காமல் இருக்க அதுவே நல்லது. ஆந்த்ரசைட் வருடக்கணக்கில் கிடந்தாலும் கெடாது, அதனால் மேயிலோ ஜூனிலோ வாங்கிப் போட்டுவிடலாம். 2022இல் எண்ணெய் கேலன் 5 டாலரைத் தாண்டிய இலையுதிர் காலத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் கரிக்குப் போய் நின்றார்கள். நாங்கள் ஜூனிலேயே இறக்கியிருந்ததால் தப்பித்தோம். தெரிந்த ஒரு குடும்பம் ஐந்து வாரம் காத்திருந்தது.

புகைபோக்கிக்கு வருகிறேன். ஆந்த்ரசைட்டில் விறகு மாதிரிப் பிசுபிசுப்பான கசடு சேராது, ஆனால் மாவு மாதிரியான சாம்பல் பறந்து போய் வளைவுகளிலும் அடியிலும் படியும். இதை வருடா வருடம் எடுத்தே ஆக வேண்டும். எங்கள் புகைபோக்கியில் இன்னொரு விருந்தாளியும் உண்டு, உழவாரக் குருவிகள். கோடை முழுக்க உள்சுவரில் கூடு ஒட்டவைத்துக் குஞ்சு பொரிக்கின்றன. கூட்டைக் கலைப்பது இங்கே சட்டப்படி குற்றம், எனக்கும் கலைக்க மனம் வராது. சாயங்காலம் அவை சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகப் புகைபோக்கிக்குள் இறங்குவதைப் பார்க்கத் தெருவில் நாற்காலி போட்டு உட்கார்வோம். அவை தென் அமெரிக்காவுக்குக் கிளம்பிப் போன பிறகுதான் சுத்தம் செய்கிறவரைக் கூப்பிட முடியும். செப்டம்பர் கடைசி வாரம் என்று நான் முன்கூட்டியே நாள் குறித்து வைப்பது அதனால்தான். அந்த ஆளுக்கு அந்தச் சமயத்தில் ஊர் முழுக்க வேலை இருக்கும்.

இரண்டாவது வருடம் நடந்ததை முழுக்கச் சொல்லியாக வேண்டும். 2019 அக்டோபர் கடைசி. புகைபோக்கி சுத்தம் செய்ய வந்தவர் மேலேயிருந்து பிரஷ் விட்டு இழுத்துவிட்டு, எல்லாம் ஆயிற்று என்று பணம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அடுப்பையும் புகைபோக்கியையும் இணைக்கும் குழாயை அவர் கழற்றவே இல்லை, நானும் கேட்கவில்லை. நெருப்பு மூட்டி ஒரு வாரம் நன்றாகத்தான் எரிந்தது. அப்புறம் ஒரு நாள் திடீரென்று வெளியே வெயில், 18 டிகிரி செல்சியஸ். வீட்டுக்குள்ளும் வெளியிலும் சூடு ஏறக்குறைய ஒன்றாகிவிட்டால் புகைபோக்கி வாயுவை மேலே இழுக்காது. அது எனக்கு அப்போது தெரியாது. சூடு அதிகமாக இருக்கிறது என்று காற்றுக் கதவையும் இறுக்கி வைத்தேன். மதியம் தலை கனமாக இருந்தது, மகளும் பள்ளியிலிருந்து வந்த அரை மணி நேரத்தில் தலை வலிக்கிறது என்றாள். மாடிப்படிக்குப் பக்கத்தில் இருந்த கார்பன் மோனாக்சைடு (நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயு) கருவியின் திரையில் 58 என்று காட்டியது. மணி அடிக்கவில்லை. ஜன்னல் கதவு எல்லாவற்றையும் திறந்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே ஓடி, தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டேன். அவர்கள் வந்து அளந்து பார்த்துவிட்டு அடுப்பை நிறுத்தச் சொன்னார்கள். மறுநாள் குழாயைக் கழற்றினால் பாதிக்கு மேல் சாம்பல் அடைத்துக் கிடக்கிறது, போன வருடத்துச் சாம்பல்.

ஏன் மணி அடிக்கவில்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இங்கே விற்கிற சாதாரண அலாரம், காற்றில் 70 பிபிஎம் (பத்து லட்சத்தில் 70 பங்கு) இருந்தால் ஒரு மணி நேரத்திலிருந்து நாலு மணி நேரத்துக்குள் அடிக்கும்படிதான் வடிவமைக்கப்பட்டது. 150 இருந்தால் 10 முதல் 50 நிமிடத்துக்குள், 400 என்றால் 4 முதல் 15 நிமிடத்துக்குள். 70க்குக் கீழே இருந்தால் மணிக்கணக்கில் நாம் மூச்சில் இழுத்துக்கொண்டே இருக்கலாம், அது பேசாமல் இருக்கும். எண் காட்டும் திரை உள்ள கருவியாகவே வாங்குங்கள், கொஞ்சம் விலை கூட இருந்தாலும் பரவாயில்லை. படுக்கையறைக்கு வெளியே ஒன்று, அடுப்பு இருக்கும் தளத்தில் ஒன்று. பின்னால் அச்சிட்டிருக்கும் காலாவதி தேதியையும் பாருங்கள், அந்தக் கருவிக்கு ஆயுள் உண்டு. விறகுப் புகையென்றால் கண் எரியும், இருமல் வரும், நமக்கே தெரிந்துவிடும். ஆந்த்ரசைட்டுக்கு அந்த உதவியும் இல்லை.

அதற்குப் பிறகு குழாயைக் கோடையிலேயே நானே கழற்றி, தோட்டத்தில் தட்டி, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் மாட்டுகிறேன், ஒவ்வொரு இணைப்பிலும் மூன்று திருகு. இழுப்பை அளக்கச் சின்ன மேனோமீட்டர் ஒன்றும், இழுப்பு அதிகமானால் தானாகத் திறந்துகொள்ளும் பேரோமெட்ரிக் டேம்பரும் மாட்டினோம். மைனஸ் 0.04 பக்கம் (நீர்மட்ட அங்குலக் கணக்கில்) முள் நின்றால் எங்கள் அடுப்புக்குச் சரி. அடுப்புக் கதவைச் சுற்றிக் காற்றுப் புகாமல் அடைக்கும் கயிறையும் செப்டம்பரில் பார்த்துவிடுவேன். கதவிடுக்கில் ஒரு டாலர் நோட்டை வைத்து மூடி இழுத்தால் லேசில் வரக் கூடாது, வந்தால் கயிறு போயிற்று.

நெருப்பு மூட்டுவதை எனக்குச் சரியாகச் சொல்லிக்கொடுத்தது எதிர்வீட்டுப் பெரியவர். அவருடைய அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். காய்ந்த விறகுச் சுள்ளியை நன்றாக எரியவிட்டு, அதன்மேல் ஒரு கை கரி, அது பிடித்ததும் இன்னும் கொஞ்சம், அப்படியே படிப்படியாக அடுப்பின் உள்சுவர்ச் செங்கல் விளிம்பு வரைக்கும். குறைவாகப் போட்டால் மிச்சப்படுத்தலாம் என்று நினைக்க வேண்டாம், ஆந்த்ரசைட் கூட்டமாக இருந்தால்தான் எரியும். சாம்பல் கதவைத் திறந்து வைத்து மூட்டும்போது அந்த இடத்தை விட்டு நகரவே கூடாது, ஃபோன் அடித்தாலும் கதவை மூடிவிட்டுத்தான் போக வேண்டும். ஐந்து நிமிடம் மறந்தால் இரும்பு சிவந்துவிடும். புதுக் கரி போடும்போது தணல் முழுவதையும் மூடிவிடாமல் ஒரு மூலையில் சிவப்பாக விட்டு வைக்க வேண்டும். கரியிலிருந்து கிளம்பும் வாயு அந்தத் தணலில் பற்றி நீலச் சுடராக ஆடும். முழுக்க மூடிவிட்டால் வாயு சேர்ந்து நின்று திடீரென்று பற்றி, கதவையே தூக்கி அடிக்கும்.

முதல் குளிர்காலத்தில் அம்மா ஈரோட்டிலிருந்து வந்திருந்தார். ஒரு காலத்தில் நெய்வேலி லெகோ கரியில் (பழுப்பு நிலக்கரியிலிருந்து செய்த கரிக்கட்டி) சமைத்தவர். நெருப்பு மங்கலாகத் தெரிந்தால் நான் கம்பியை எடுத்து மேலிருந்து கிளறுவேன், விறகடுப்புப் பழக்கம். கிளறினால் சாம்பல் இடுக்குகளில் விழுந்து அடைத்து இன்னும் மங்கும். இரண்டு நாள் பார்த்துவிட்டு அம்மா சொன்னார், "அத நோண்டாத கண்ணு, அது பாட்டுக்கு இருக்கட்டும்." பெரியவரும் அதையேதான் சொன்னார். கீழேயுள்ள தட்டை மட்டும் ஆட்ட வேண்டும், சாம்பல் தட்டில் செந்தணல் விழத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை. மேலே வெறும் சாம்பலாகத் தெரியும், உள்ளே நீறு பூத்த நெருப்பு அப்படியே இருக்கும். 2019 ஜனவரி கடைசியில் மைனஸ் 15க்கும் கீழே போன அந்த வாரத்தில் வீட்டுக்குள் 21 டிகிரி இருந்தது.

ஒரு நாளைக்கு 40, 50 பவுண்டு கரி போனால் ஒரு சின்ன வாளி சாம்பல் வரும். மூடி போட்ட இரும்பு வாளியில் போட்டு, வீட்டை விட்டுத் தள்ளி, சிமென்ட் தரையில் வையுங்கள், மரப்படியில் வைக்காதீர்கள், உள்ளே தணல் இரண்டு மூன்று நாள்கூட உயிரோடு இருக்கும். ஆறிய சாம்பலைப் பனி உறைந்த நடைபாதையில் தூவினால் கால் வழுக்காது. நம் ஊரில் அடுப்புச் சாம்பலைச் செடிக்குப் போடுவோமே, இதைக் காய்கறித் தோட்டத்துக்குப் போட வேண்டாம், இதில் கன உலோகங்கள் இருக்கும்.

பணத்தைப் பொறுத்தவரை, ஒரு டன் ஆந்த்ரசைட்டின் வெப்பம் ஏறக்குறைய 180 கேலன் எண்ணெய்க்குச் சமம். உங்கள் பகுதியின் இரண்டு விலையையும் வைத்துப் பெருக்கிப் பாருங்கள். எங்களுக்கு ஒவ்வொரு வருடமும் கரிதான் குறைவாக வந்தது. 2022 கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு வந்த புயலில் 14 மணி நேரம் மின்சாரம் இல்லை, பாய்லர் நின்றுவிட்டது, அடுப்பு நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தைகள் இரண்டு பேரும் அன்று எங்கள் பேஸ்மென்ட்டில்தான் தூங்கினார்கள்.

ஆனால் இதைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். அதே சூட்டுக்கு இயற்கை எரிவாயுவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கார்பன் டை ஆக்சைடு வெளியே போகிறது, இது என்னை உறுத்துகிறது. எங்கள் தெருவில் எரிவாயு இணைப்பு இல்லை. இணைப்பு இருக்கும் தெருவில் வீடு வாங்குகிறீர்கள் என்றால் அதையே வையுங்கள், நல்ல ஹீட் பம்ப் (வெளியிலுள்ள சூட்டை உள்ளே கொண்டுவரும் மின்கருவி) வைக்க வசதி இருந்தால் இன்னும் நல்லது. வீட்டுக் காப்பீட்டுக்காரருக்கும் அடுப்பு இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், மறைத்தால் பின்னால் சிக்கல். ஆஸ்துமா இருப்பவர்கள் வீட்டில் சாம்பல் தூசி ஒரு தொல்லைதான். இந்தக் கரிக்கு இந்த மண் கொடுத்த விலையும் இருக்கிறது. 1959 ஜனவரி 22 அன்று சஸ்குவஹானா ஆறு உடைத்துக்கொண்டு நாக்ஸ் சுரங்கத்துக்குள் பாய்ந்து 12 பேர் செத்துப் போனார்கள், அந்த இடம் எங்கள் வீட்டிலிருந்து காரில் கொஞ்ச தூரம்தான். சென்ட்ரேலியா என்ற ஊரில் 1962இல் பிடித்த நிலத்தடிச் சுரங்க நெருப்பு இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது.

சீசன் முடிந்ததும் ஏப்ரலிலேயே அடுப்பைத் துடைத்துவிட வேண்டும், இதைத்தான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். கந்தகம் கலந்த சாம்பல் கோடையின் ஈரத்தோடு சேர்ந்தால் அமிலமாகி இரும்பைத் தின்றுவிடும். என் முதல் குழாய் அப்படித்தான் ஓட்டை விழுந்தது. இப்போது சமையல் சோடா கரைத்த தண்ணீரில் துடைத்து, காயவிட்டு, உள்ளே லேசாக எண்ணெய் பூசி வைக்கிறேன்.

இந்த வருடக் கணக்கு இது: கரி மூன்று டன் சொல்லியாகிவிட்டது, போன வருடத்து மிச்சம் அரை டன்னுக்கு மேல் கிடக்கிறது. குழாய் தட்டி மாட்டியாயிற்று, கதவுக் கயிறு புதுசு, மேல் மாடிக் கருவியின் ஆயுள் நவம்பரில் முடிகிறது, மாற்ற வேண்டும். புகைபோக்கியில் இன்னும் நாலைந்து குருவி சாயங்காலம் இறங்குகிறது. லாரி அடுத்த செவ்வாய் வருகிறது, அதற்குள் தொட்டியின் கீழ்ப்பலகை ஒன்றை மாற்றியாக வேண்டும்.