பிரேக் லைட் கோளாறு கண்டுபுடிக்க பல்பு வச்ச டெஸ்ட் லேம்ப்: யூஸ் பண்ணி பாத்த ரிவ்யூ

பாக்க ஸ்க்ரூ டிரைவர் மாதிரிதான் இருக்கும். முனையில ஊசி, கைப்பிடிக்குள்ள 12 வோல்ட் குட்டி பல்பு, பின்னாடி ஒரு ஒயர், ஒயர் நுனியில க்ரோகடைல் கிளிப்பு, அவ்ளோதான் பொருளு. இதுக்குன்னு தனியா பேட்டரியும் கிடையாது டிஸ்ப்ளேவும் கிடையாது. வீட்ல நல்ல மல்டிமீட்டரே இருந்தாலும் பிரேக் லைட் எரியலன்னா நான் மொதல்ல எடுக்கறது இதத்தான்.

காரணம் இருக்கு. மல்டிமீட்டர் ஒயர்லேந்து கரண்டே இழுக்காதுன்னு சொல்லலாம், டிஜிட்டல் மீட்டர்ல உள்ள ரெசிஸ்டன்ஸ் பொதுவா 10 மெகா ஓம். அதனால ஹோல்டர்ல பச்சையா களிம்பு ஏறி கான்டாக்ட் அரைகுறையா இருந்தாலும் அது பாட்டுக்கு 12 வோல்ட்னு காட்டும், நாமளும் சப்ளை வருதுன்னு நம்பி புது பல்பு மாட்டுவோம், அதுவும் எரியாது. 21 வாட் பிரேக் பல்புக்கு ஒன்னே முக்கால் ஆம்பியர் கிட்ட வேணும், அந்த கெட்டுப்போன கான்டாக்ட்ல அது எப்படி வரும்? டெஸ்ட் லேம்ப் தானே ஒரு பல்புங்கறதால கொஞ்சமாவது கரண்ட் இழுத்துதான் எரியும், சப்ளை சொத்தையா இருந்தா மங்கலா எரிஞ்சு காட்டிக்கொடுத்துடும். ரொம்ப பிடிவாதமான கேஸ்னா ஒரு 21 வாட் பல்புல ரெண்டு ஒயர் சால்டர் பண்ணி அதையே டெஸ்டரா வச்சிக்கலாம், அது இன்னும் கறாரா சொல்லும்.

ஆனா இத எடுக்கறதுக்கு முன்னாடி யாரையாவது பெடல மிதிக்க சொல்லிட்டு பின்னாடி போய் நின்னு பாருங்க, ஆள் இல்லன்னா வண்டிய ரிவர்ஸ்ல சுவர் கிட்ட நிறுத்தி மிதிச்சா வெளிச்சம் சுவத்துல விழும். மேல கண்ணாடிகிட்ட இருக்கற மூணாவது லைட்டு உட்பட ஒன்னுமே எரியலன்னா ஒன்னு பியூஸ் போயிருக்கும், இல்லன்னா பெடல் சுவிட்ச். மூணாவது எரிஞ்சு ஒரு சைடு மட்டும் அவுட்னா அந்த சைடு பல்பு, ஹோல்டர், ஒயர். மூணாவது மட்டும் எரிஞ்சு ரெண்டு சைடும் அவுட்னா அனேகமா ஒரு பல்பு முன்னாடியே போயிருக்கும், யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்க, இப்ப ரெண்டாவதும் போயிருக்கும். "நைட்ல டெயில் லைட் நல்லாதானே எரியுது, பல்பு ஓகேதான்"னு நெறைய பேர் சொல்றாங்க, அது தப்பு. நெறைய வண்டில ஒரே பல்புக்குள்ள ரெண்டு பிலமென்ட், 5 வாட்டு டெயிலுக்கு, 21 வாட்டு பிரேக்குக்கு. ஒன்னு அறுந்தாலும் இன்னொன்னு ஜோரா எரியும். பல்ப கழட்டி வெளிச்சத்துல புடிச்சு பாத்தாலே அறுந்த கம்பி தெரியும்.

பல்பு நல்லா இருந்தாதான் டெஸ்ட் லேம்புக்கு வேலை. கிளிப்ப வண்டி பாடியில பெயின்ட் இல்லாத போல்ட்டுல மாட்டி, மொதல்ல சப்ளை இருக்குன்னு நிச்சயமா தெரிஞ்ச ஒரு எடத்துல தொட்டு எரியுதான்னு பாத்துக்கணும், இந்த ஸ்டெப்ப விட்டுட்டா அப்புறம் பண்ற டெஸ்ட் எதையும் நம்ப முடியாது. அப்புறம் பெடல மிதிக்க சொல்லி ஹோல்டர் கான்டாக்ட்ல ஊசிய வைங்க. பளிச்னு எரிஞ்சா சப்ளை சரி, பிரச்சனை எர்த்துல, அதாவது கரண்ட் பல்புலேந்து வண்டி பாடி வழியா பேட்டரிக்கு திரும்பி போற வழியில. இப்ப கிளிப்ப பேட்டரி பாசிட்டிவ்ல மாத்தி மாட்டிட்டு ஹோல்டரோட எர்த்த தொடுங்க, எரியணும், மங்கலா எரிஞ்சாலோ எரியவே இல்லன்னாலோ எர்த் போச்சு.

இந்த எர்த் கோளாறு மாதிரி ஆள கொழப்பறது எதுவும் இல்ல. பிரேக் மிதிச்சா அதே சைடுல இண்டிகேட்டரோ டெயிலோ லேசா மினுங்கும், ஏன்னா கரண்டுக்கு எர்த் போற வழி அடைபட்டு பக்கத்து பல்போட பிலமென்ட் வழியா சுத்தி போகுது. இத பாத்துட்டு ஒயரிங் மொத்தமா மாத்தணும்னு சொல்றவங்க இருக்காங்க. மாத்த வேணாம், டெயில் லேம்ப் பக்கத்துல எர்த் போல்ட்ட கழட்டி துருவ உப்புத்தாள்ல தேச்சு இறுக்கி பாருங்க, பாதி கேஸ் அங்கயே முடிஞ்சிடும். சப்ளையே வரலன்னா டிக்கி கதவுல லைட் இருக்கற வண்டில ஹிஞ்ச் பக்கத்து ரப்பர் குழாய்க்குள்ள பாருங்க, கதவ தெறந்து மூடி தெறந்து மூடி ஒயர் உள்ள அறுந்திருக்கும், வெளிய தோல் நல்லா இருக்கும்.

பெடல் சுவிட்ச் பாக்கவும் இது போதும். ரெண்டு ஒயர் சுவிட்ச்னா ஒன்னுல எப்பவும் சப்ளை இருக்கும், இன்னொன்னுல மிதிச்சாதான் வரும், சில வண்டில மிதிக்கலன்னாலும் லைட் எரிஞ்சிட்டே இருக்கும், அப்ப சுவிட்ச்ச குறை சொல்றதுக்கு முன்னாடி பெடல் தண்டுல சுவிட்ச் வந்து இடிக்கற எடத்த டார்ச் அடிச்சு பாருங்க. அங்க ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கும், பழசானா பொடிஞ்சு கீழ கால் வைக்கற மேட்டுல தூள் தூளா கெடக்கும், சுவிட்ச்சோட முனை அந்த ஓட்டைக்குள்ள போயிடறதால பெடல் மிதிச்ச மாதிரியே ஆயிடும். ஆட்டோமேட்டிக் வண்டி பார்க்லேந்து கியர் எடுக்க மாட்டேங்குது, பட்டன் அமுக்கினா ஸ்டார்ட் ஆகல, கூடவே பிரேக் லைட்டும் எரியலன்னா நேரா இந்த சுவிட்ச்சுக்கு போயிடுங்க.

குறைகளும் இருக்கு. ஒயர் நீளம் பத்தாது, பேட்டரி முன்னாடி இருக்கற வண்டில டிக்கி வரைக்கும் எட்டாது, தனியா ஒயர் சேர்த்துதான் ஆகணும். கிளிப்போட ஸ்பிரிங் சீக்கிரம் தொய்ஞ்சிடுது. ஊசி மூடி எங்கயாவது விழுந்து தொலைஞ்சிடும், அது இல்லாம டூல் பாக்ஸ்ல கை விட்டா குத்தும். ஊசியால ஒயர் தோல குத்தி பாக்கற பழக்கத்த தயவுசெஞ்சு விட்டுடுங்க, அந்த ஓட்டை வழியா தண்ணி எறங்கி கொஞ்ச நாள்ல அங்கயே களிம்பு புடிக்கும், கனெக்டர் பின்பக்கமா ஊசிய விட்டு தொடறதுதான் நல்லது.

மஞ்சள் கலர் ஏர்பேக் ஒயர் பக்கம் இத கொண்டு போகவே கூடாது. ஈசியூ, அதாவது இன்ஜின கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர், அதோட ஒயர்களும் அப்படித்தான், இது இழுக்கற கரண்ட அது தாங்காது. புது வண்டில பாடி கன்ட்ரோல் மாட்யூல்ங்கற கம்ப்யூட்டர் லைட்டுக்கு சப்ளைய விட்டு விட்டு அனுப்பும், அதனால நல்ல ஒயர்லயும் மங்கலா காட்டலாம், எல்இடி டெயில் லேம்ப் வண்டிக்கும் இது சரிப்படாது, அங்க மீட்டரும், வண்டி கம்ப்யூட்டர்லேந்து கோளாற படிக்கற ஸ்கேனரும்தான்.

பின்னாடி வர்றவனுக்கு நாம நிக்கப்போறோம்னு சொல்ற ஒரே விஷயம் இந்த லைட்டுதான், அதனால பல்பு போடற வண்டி வச்சிருக்கறவங்க எல்லார்கிட்டயும் இது ஒன்னு இருக்கணும்னு நெனைக்கறேன். வாங்கும்போது உள்ள எல்இடி வச்சது வேணாம், அது துளி கரண்ட்லயே எரிஞ்சு மீட்டர் மாதிரியே ஏமாத்தும். பிலமென்ட் பல்பு வச்சதான்னு கேட்டு, பல்பு மாத்தற மாதிரி கைப்பிடி தெறக்குதான்னு பாத்து வாங்குங்க.