கணவர்களும் வரலாம், லேபர் வார்டு வாசல் வரை

மனைவிக்கு ஆறாவது மாதம் நடந்தபோது, பிரசவத்துக்குப் பதிவு செய்திருந்த ஆஸ்பத்திரியிலேயே தம்பதிகளுக்கு 4 வார வகுப்பு என்றார்கள். கணவரும் கட்டாயம் வரவேண்டும் என்று சீட்டிலேயே போட்டிருந்தது. சரி என்று போனால், வகுப்பு செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு! வேலைக்குப் போகிறவன் எத்தனை செவ்வாய்க்கிழமை லீவு கேட்பான்? கடைசி வாரம் என்னோடு சேர்த்து மூன்றே கணவர்கள்.

வகுப்பெடுத்த நர்ஸ் அக்காவைக் குறை சொல்ல முடியாது. முதல் நாளே எங்களைத் தரையில் உட்காரவைத்து, மனைவியின் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தச் சொன்னார். விரலை எடுத்தேன், சின்னக் குழி விழுந்து மெல்ல நிரம்பியது. "கால் வீக்கம் நிறைய பேருக்கு வரும், பயப்படாதீங்க. ஆனா முகமும் கையும் திடீர்னு வீங்கினா, தலைவலி விடாம இருந்தா, கண் மங்கினா, காலைல பாத்துக்கலாம்னு படுத்துடாதீங்க" என்றார். பிபி 140/90 தொட்டாலே உஷாராக வேண்டும் என்பதும் அன்றுதான் தெரியும். அதுவரை எல்லா செக்கப்புக்கும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு போனவன் நான்தான், ஒருநாளும் திறந்து படித்ததில்லை. வலியை எண்ணுவதிலும் அப்படித்தான்: ஒரு வலி தொடங்கியதிலிருந்து அடுத்தது தொடங்கும் வரை எண்ண வேண்டுமாம், நானோ முடிந்ததிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் கணவர்களை வெளியே அனுப்பிவிட்டுப் பெண்களிடம் மட்டும் பேசினார்கள். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. வீட்டில் அடி விழுகிறதா என்று புருஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படிக் கேட்பார்கள் என்றாள் மனைவி. நியாயம்தான்.

கருத்தடை வகுப்பில்தான் ஏமாற்றம். மாத்திரை, காப்பர்-டி என்று பெண்களுக்கானதை விளக்கிவிட்டு, ஆண்களுக்கான கருத்தடை அறுவை சிகிச்சையான வாசக்டமிக்கு ஒரே வரி. நானே கையைத் தூக்கிக் கேட்டபிறகு சொன்னார்: ஆண்மைக்கு ஒரு குறையும் வராது, ஆனால் உடனே பலன் கிடைக்காது, சுமார் 3 மாதம் வேறு தடுப்பு வேண்டும், அப்புறம் விந்துப் பரிசோதனையில் உறுதி செய்யவேண்டும். இதையெல்லாம் யாராவது கேட்டால்தான் சொல்வார்களா?

பெரிய கோபம் பிரசவத்தன்று. பெண் விரும்பும் ஒருவர் பிரசவத்தில் துணைக்கு இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2018 வழிகாட்டுதலில் பரிந்துரைக்கிறது. இவள் கேட்டது என்னைத்தான். வலி வந்தால் இடுப்பை எப்படி அழுத்திவிடுவது என்று சொல்லிக்கொடுத்த அதே ஆஸ்பத்திரி, லேபர் வார்டு வாசலில் செருப்பையும் ஃபைலையும் என் கையில் கொடுத்துக் கதவைச் சாத்திவிட்டது.

வகுப்புக்குத் தாராளமாகப் போகலாம். ஆனால் பிரசவத்தின்போது கணவரை உள்ளே விடுவீர்களா என்று பணம் கட்டும் முன்பே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.