யானைக் காசுக்கு 42,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன், நீங்களும் போய் விழாதீர்கள்

ஆத்திரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 42,000 ரூபாய். போன கிழமை போனது.

எட்டு மாதமாகத்தான் பழைய காசு சேர்க்கிறேன். வெள்ளைக்காரன் காலத்து இலங்கையின் 1821ஆம் ஆண்டு ரிக்ஸ் டொலர் தெரியும்தானே, ஒரு பக்கம் நான்காம் ஜோர்ஜ், மறுபக்கம் யானை, வெள்ளிக் காசு. அதில் ஒன்றை இணையத்தில் பழைய நாணயம் விற்கிற ஒரு பக்கத்தில் கண்டேன். படத்தில் பளபளவென்று மின்னியது. "யுஎன்சி, புழக்கத்துக்கே போகாதது" என்று போட்டிருந்தார்கள். 200 வருஷக் காசு சில்வர் கரண்டி மாதிரி மின்னினால் பயப்பட வேண்டும் என்று அன்றைக்கு எனக்கு யார் சொன்னார்கள்?

பேசாமல் காசு அனுப்பவில்லை. விற்கிறவருக்குப் போன் எடுத்தேன்.

"தம்பி எவ்விடம்?"

"கல்லடி, அண்ணன்."

"அட, என்ட மனிசிட ஊர் ஆரையம்பதிதான். நம்மட ஊர்ப் புள்ளைக்குப் பொய் சொல்லுவனா?"

அந்த ஒரு சொல்லில் விழுந்தேன். ராசாவின் முகத்துக்கு முன்னால் ஒரு கோடு தெரிகிறதே என்று கேட்டதற்கு, "அது டை கிராக் தம்பி, அச்சு வெடிச்சதால வந்தது. அதுக்குத்தான் விலை கூட" என்றார். அரை மணித்தியாலத்தில் 42,000 அவர் கணக்குக்குப் போய்விட்டது.

கூரியரில் வந்ததும் சந்தியில் நகை வேலை செய்யும் பத்தரிடம் கொண்டுபோனேன். லென்ஸைக் கண்ணில் வைத்து, விளக்குக்குக் கீழே காசை மெல்லச் சாய்த்தார். யானையின் வயிற்றுக்குக் கீழே மயிர் மாதிரிக் கீறல்கள், எல்லாம் ஒரே பக்கமாக ஓடின. "நல்லாத் தேய்ச்சிருக்கான்." அப்புறம் அந்தக் கோட்டில் நகத்தை ஓடவிட்டார். நகம் விழுந்தது. "அச்சு வெடிச்சிருந்தா வெள்ளி அந்த வெடிப்புக்குள்ள போய் கோடு மேடா நிக்கும். இது பள்ளம், கீறல்." தலைக்கு நேர் மேலே விளிம்பை அரத்தால் ராவியிருந்தது, பக்கத்தில் சாம்பல் நிறத்தில் பற்றுவைத்த தழும்பு. யாரோ வளையம் வைத்துச் சங்கிலியில் போட்ட காசு!

திருப்பிக் கேட்டால் முதல் நாள், "உங்கட கமராட பிழை." அடுத்த நாள், "200 வருஷக் காசு தம்பி, புதுசாவா இருக்கும்?" அப்போ யுஎன்சி என்று எழுதியது யாராம்? மூன்றாம் நாள், "முதலாளி கொழும்பில, வந்ததும் சொல்றன்." அதோடு என்னை பிளாக் பண்ணிவிட்டார்கள்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது மனசு வரவில்லை. விளக்கின் கீழ் சாய்த்து எடுத்த வீடியோ கேளுங்கள். அச்சடித்த மினுக்கம் போகாத காசில் வெளிச்சம் சக்கரம் மாதிரிச் சுற்றும், தேய்த்ததில் சுற்றாது. விளிம்பைச் சுற்றிவரப் படம் கேளுங்கள். கோடு மேடா பள்ளமா பாருங்கள். வாங்கிய காசை நீங்களும் தேய்க்காதீர்கள். ஊர்ப்பெயர் சொன்னால் போனை வையுங்கள்.

இன்று காலை தங்கச்சியின் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். இன்னொரு யானைக் காசு, பிடித்திருப்பது அதே பெருவிரல், அதே யுஎன்சி. விலை 45,000.