உட்கோணமா, வெளிக்கோணமா?

ஒழுங்கு பலகோணத்தின் (எல்லாப் பக்கமும் எல்லாக் கோணமும் சமமான வடிவம்) பக்க எண்ணிக்கையில் 2-ஐக் கழித்து, 180-ஆல் பெருக்கி, மறுபடி பக்க எண்ணிக்கையால் வகுத்தால் ஓர் உட்கோணம் கிடைக்கும். 12 பக்கம் என்றால் 150 பாகை. வெளிக்கோணம் என்பது ஓரத்தோடு நடக்கும்போது ஒரு மூலையில் திரும்பும் அளவு. அந்த வழியில் 360-ஐ 12-ஆல் வகுக்க 30. 180-இல் அதைக் கழித்தால் அதே 150.

தலைகீழ்க் கணக்கில்தான் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். உட்கோணம் 156 பாகை, எத்தனை பக்கம்? முதல் வழியில் சமன்பாடு எழுதித் தீர்க்க வேண்டும். இரண்டாவதில் வெளிக்கோணம் 24. 360-ஐ அதால் வகுத்தால் 15. மனக்கணக்கே போதும், எனக்கு இதுதான் பிடிக்கும். ஓரத்தோடு நடந்து கிளம்பிய இடத்துக்கே வருபவர் ஒரு முழுச் சுற்று திரும்பியிருப்பார். அதனால்தான் அந்த 360 மாறுவதே இல்லை.

சரி, மூலை உள்ளே மடங்கிய வடிவம் என்றால்? அங்கே வெளிக்கோணம் குறை எண்ணாகிவிடும். கோணங்களும் சமமாக இருக்காது. அவற்றின் கூட்டுத்தொகைக்கு, கடைசி வகுத்தலை விட்டுவிட்ட உட்கோண வழியே பத்திரம்.