டிவியில் பார்த்து வாங்கிய சுழல் மாப்

இரவு 11 மணிக்கு மேல் டிவி ஷாப்பிங் நிகழ்ச்சி பார்த்து வாங்கிய மாப் இது. முதலில் பெரிய விலையைக் காட்டி, அதை அடித்துவிட்டுப் பாதி போட்டார்கள். அந்தப் பாதி நியாயமா என்று யோசிக்கவே விடவில்லை. மூலையில் கடிகாரம் பின்னோக்கி ஓடியது, ‘மீதி 12 மட்டுமே’ என்றதும் போனை எடுத்துவிட்டேன். மறுநாள் இரவும் அதே மாப், அதே 12. உண்மையிலேயே கோபம் வந்தது.

சரி, பொருள் எப்படி? துணி ஈரத்தை நன்றாக உறிஞ்சுகிறது, பிழிவதும் சுலபம். ஆனால் திரையில் துடைத்ததெல்லாம் அப்போதுதான் கொட்டிய கறை. டைல்ஸ் இடுக்கில் காய்ந்துபோனது அசையவே இல்லை. மூன்றாவது வாரம், கைப்பிடியில் திருகு உட்காரும் இடத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். இப்போது டேப் சுற்றித்தான் துடைக்கிறேன். வாங்குவதானால் ஒரு நாள் தள்ளி, வேறு இடத்தில் விலை பார்த்துவிட்டு வாங்குங்கள்.